வழமையான வதிவிடம்

படிவத்தில் இலேசான கேள்வி அதுதான்:
வழமையாக வதியும் இடம்.
இரண்டு நாள் பயிற்சியில் அதற்கு
ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள்.
ரோல்ஸும் பிளேன்ரீயும் இருபது நிமிடம்.

எனக்கு விழுந்தது முகத்துவாரம்.
பதினான்கு மாடி, லிஃப்ட் இரண்டு, ஓடுவது ஒன்று.
வரைபடத்தில் என் கணிப்பீட்டு வட்டாரம்
தீப்பெட்டி அளவு.
வடக்கே கால்வாய். தெற்கே கொள்கலன் யார்ட்டின் மதில்.
கிழக்கும் மேற்கும் பென்சிலால் சந்தேகம்.
உயரத்துக்கு எல்லை போடவில்லை;
வரைந்தவர் படியேறி வந்தவராக இருக்க முடியாது.

ஒன்பதாம் மாடி, மூன்றாம் கதவு.
9/3 என்று கொந்தராத்துக்காரர் அடித்த பெயின்ட்.
அதற்குக் கீழே, நாலு ஆணியில்,
கொம்பனித்தெருவில் இடிபட்ட வீட்டின் தகரம்: 41/7.
எதை எழுத, என்றேன்.
துவான் ஜுனைதீன் கண்ணாடியைத் துடைத்தார்.
"மேல இருக்கிறது நம்பர், மகள்.
கீழ இருக்கிறது வீடு."
அமைவிடம், இடம் என்று
உயர்தரத்தில் இரண்டு சொல் படித்தேன்.
வேறுபடுத்துக, நான்கு புள்ளி.
நான் எழுதியதற்கு இரண்டரை கிடைத்தது.
விடை இவ்வளவு துருப்பிடித்திருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

லிஃப்ட் இரண்டும் நின்ற கிழமையில்
ரிஸ்மி காஸ் சிலிண்டர் தூக்கினான்,
மாடிக்கு முப்பது ரூபாய்,
ஏழுக்கு மேலே நாற்பது.
தேங்காய் ஏற ஏற விலையும் ஏறியது.
பன்னிரண்டில் சுமனலதா சம்பலையே நிறுத்திவிட்டாள்.
சந்தையைச் சுற்றி வளையம் வளையமாக
காய்கறி, விறகு, தானியம், மேய்ச்சல் என்று
பாடப்புத்தகத்தில் ஒரு படம் உண்டே,
அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தால்
இந்தக் கட்டடம்.
மேய்ச்சல் நிலம் மொட்டைமாடி:
அங்கே யாரோ உண்மையாகவே
இரண்டு ஆடு வளர்க்கிறார்கள்.
படிவத்தில் ஆட்டுக்குக் கூடு இல்லை.

மூன்றாம் மாடி நிரோஷியா
வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது
கொட்டாஞ்சேனைச் சித்தியின் முகவரி போடுவாள்.
இந்தத் தொகுதியின் பெயரைக் கண்டால்
நேர்முகத்துக்குக் கூப்பிடமாட்டார்களாம்.
த்ரீவீலும் இரவில் சந்தியோடு நின்றுவிடும்.
எவர் மனத்திலோ ஒரு கொழும்பு இருக்கிறது,
அதில் இந்தக் கால்வாய்க்கரை வெறும் வெள்ளைத்தாள்.
"உங்களுக்கு உண்மையைச் சொல்றன், எழுதுங்க" என்றாள்,
"ஆனா பென்சிலால."

ஐந்தாம் மாடியில் ஒரே அறை, எட்டுப் பேர்.
புறக்கோட்டைத் துணிக்கடைப் பையன்கள்.
பகலில் போனால் பூட்டு; இரவில் போனேன்.
அடர்த்தியைச் சதுர கிலோமீற்றரில் கேட்கிறது அரசாங்கம்.
இவர்கள் பாயால் அளக்கிறார்கள்: ஒரு பாய்க்கு ஒன்றரை ஆள்.
இடம்பெயர்ந்த காரணம்?
தொழில், கல்வி, திருமணம், வேறு.
எல்லோரும் தொழில் என்றார்கள்.
பொகவந்தலாவை புவனசுதன் மட்டும் யோசித்தான்.
"தம்பி கல்யாணங் கட்டிட்டான் அக்கா.
லயத்துல இருக்கிறதே ஒரு காம்பரா."
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
தள்ளியது எது, இழுத்தது எது என்று
நான் தேடவில்லை.
திருமணத்தில் அடையாளமிட்டேன்.
யாருடைய திருமணம் என்று
படிவம் கேட்கவில்லை.

போன செவ்வாய் வெள்ளவத்தையில்
என் அறைக்கும் கணக்கெடுக்க வந்தார்களாம்.
மேலே வாடகைக்கு ஆளில்லை என்று
வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறா,
வரிக்குப் பயந்து.
வவுனியாவில் அம்மாவும் சொல்லியிருக்கிறா:
மகள் கொழும்பில்.
ஆக, நானூற்றுச் சொச்சம் பேரை எண்ணியவள்
இரண்டு பக்கமும் கழிபட்டாள்.
திருத்தலாம். மேற்பார்வையாளருக்குச் சொல்லலாம்.
அவருடைய இலக்கம் பையில்தான் இருக்கிறது,
பல நாளாக.

கடைசி நூற்றைம்பத்தைந்து, பாதி காலி.
கண்டக்டர் விரலிடுக்கில் தாள்களை மடித்தபடி
"கொஹாடத?" என்றான்.
இறங்குமிடத்தைச் சொன்னேன்.
மறுபடி கேட்கவில்லை அவன்.
மிச்சக் காசைத் தந்தான்.
அன்று முழுதும்
தகராறில்லாமல் நிரம்பிய
ஒரே கூடு.